பகுதியெண் இல்லாத கணக்கு: யாழ்ப்பாணக் குடாநாடும் பொதுச் சுகாதார ஆய்வும்

ஓர் ஊரில் இந்த வருடம் பத்துப் பேருக்குப் புற்றுநோய் கண்டது என்று சொன்னால், அது கூடுதலா குறைவா என்று எவராலும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அந்த ஊரில் வாழ்பவர்கள் ஐந்நூறு பேரா ஐயாயிரம் பேரா, அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், போன வருடமும் அதற்கு முந்திய வருடங்களிலும் எத்தனை பேருக்கு வந்தது என்பவை தெரிந்தால்தான் அந்தப் பத்துக்குப் பொருள் உண்டாகும். பின்னம் படித்த பிள்ளைக்கும் இது விளங்கும்: மேலே தொகுதியெண், கீழே பகுதியெண், கீழே ஒன்றும் இல்லாவிட்டால் அது பின்னமே அல்ல. வறிய நாடுகளில் பொதுச் சுகாதார ஆய்வு ஏன் தடுமாறுகிறது என்று கேட்டால், பணமில்லை, கருவியில்லை, ஆளில்லை என்று மூன்று விடைகள் வழக்கமாக வரும். மூன்றும் மெய். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த நாற்பது வருடங்களை எடுத்துப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் அடியில் வேறொரு குறை கிடப்பது தெரியும். இங்கே நோயை எண்ணியிருக்கிறார்கள், கிணற்று நீரை அளந்திருக்கிறார்கள், துயரத்தைக்கூட வினாக்கொத்து வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மக்களையும் ஒரே கிணறுகளையும் விட்டுவிடாமல் ஆண்டாண்டாகப் பார்த்துவரும் பதிவேடுதான் வேரூன்றவில்லை. ஆய்வு இங்கே அனர்த்தத்தோடு வந்து அனர்த்தத்தோடு போய்விடுகிறது.

அப்படியொரு பதிவேட்டுக்கு அடித்தளமான மக்கள் கணக்கு ஒரு காலத்தில் இருந்து பின்னர் அறுந்துபோனது என்பதுதான் கூடுதல் வருத்தம். இலங்கையில் 1867இல் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகள் எண்ணப்பட்டன. மாவட்டவாரியாகப் பிறப்பும் இறப்பும் பதியப்பட்டன. ஆசியாவில் இப்படிப் பதிவு வைத்திருந்த நாடுகள் மிகச் சில. 1940-களின் பிற்பாதியில் இத்தீவின் இறப்பு வீதம் சடுதியாக விழுந்தபோது, டி.டி.ரி தெளித்து மலேரியாவை அடக்கியது அதற்குக் காரணமா, உணவும் வைத்திய வசதியும் கூடியது காரணமா என்று உலகின் சனத்தொகை அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். பீட்டர் நியூமன் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு கொடுத்தார், ஆர். எச். கிரே அந்தப் பங்கைக் குறைத்துக் கணித்தார். அவர்களில் யார் சரி என்பது இங்கே முக்கியமில்லை. மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிட்டு வாதாடும் அளவுக்கு இந்தச் சிறிய நாட்டில் பதிவேடு இருந்தது என்பதே முக்கியம். அந்தப் பதிவேட்டில் யாழ்ப்பாணமும் ஒரு மாவட்டம்.

1981 குடிசன மதிப்புக்குப் பின் அந்தத் தொடர் அறுந்தது. 1991இல் நாடு முழுவதிலுமே கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் வடக்கில் அதை முழுமையாக நடத்த முடியவில்லை. 2012இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக முழுக் கணக்கெடுப்பு நடந்தது. இடையில் 31 வருடம். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய 1981இன் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 830,000 பேர் இருந்தார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபின், 2012இல் யாழ் மாவட்டத்தில் ஏறத்தாழ 583,000 பேர். எல்லையும் மாறிவிட்டது, மக்களும் மாறிவிட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் வெறிச்சோடியது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். அடுத்த வருடம் ஒரு பகுதியினர் திரும்பினார்கள், ஒரு பகுதியினர் வெளிநாடு போனார்கள், ஒரு பகுதியினர் திரும்பவேயில்லை. இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு நோயின் வீதத்தைக் கணிக்க முயன்ற எந்த ஆய்வாளரும் பகுதியெண்ணை ஊகித்தே போட வேண்டியிருந்தது. நாட்டின் பெரிய சுகாதாரக் கணிப்பீடான குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வும் வடக்கை விட்டுவிட்டே நடந்தது. 1987, 1993, 2000 ஆகிய வருடங்களின் மதிப்பாய்வுகளில் வடக்கு இல்லை. 2006–07 மதிப்பாய்விலும் வட மாகாணம் இல்லை. 2016 மதிப்பாய்வே முதன்முதலாக முழுத் தீவையும் தழுவியது. இலங்கையின் தாய் சேய் நலக் குறிகாட்டிகள் வளரும் நாடுகளுக்கு முன்னுதாரணம் என்று உலகம் புகழ்ந்த ஆண்டுகளில், அந்தப் புகழுக்கு ஆதாரமான இந்த அட்டவணைகளில் யாழ்ப்பாணத்துத் தாயும் சேயும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

இந்த வெற்றிடம் என்ன செய்தது என்பதைக் கிணற்று நீர் விவகாரத்தில் நன்றாகக் காணலாம். குடாநாடு சுண்ணாம்புப் பாறைமேல் கிடக்கும் நிலம். மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழும் மழை செம்மண்ணூடாக இறங்கி, பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி, கடல் நீரின்மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மழை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகத் தோட்டத்தில் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கசிவும் இறங்கும். வலிகாமத்தின் வெங்காய, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலைத் தோட்டங்களை ஒட்டிய பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980-களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வந்திருக்கிறார்கள். புவிவேதியியலாளர் சி. பி. திசாநாயக்க போன்றோர், இந்த நைத்திரேற்றுக்கும் யாழ்ப்பாணத்துப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற கருதுகோளை அப்போதே முன்வைத்தார்கள். அந்தக் கருதுகோள் பத்திரிகைகளுக்குப் போனது, மேடைகளுக்குப் போனது, இன்று அது பலருக்கு நிரூபிக்கப்பட்ட உண்மையாகவே தெரிகிறது.

அது நிரூபிக்கப்பட்டதா? நைத்திரேற்றும் நைத்திரைற்றும் உடலுக்குள் நைத்திரோசோ சேர்மங்களாக மாறும் நிலைமையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. ஆகவே ஐயம் ஆதாரமற்றதல்ல. ஆனால் நைத்திரேற்று மிகுந்த அதே தோட்டக் கிராமங்கள்தான் புகையிலை விளைந்த கிராமங்கள். அங்கேதான் சுருட்டுப் பிடித்தார்கள். அங்கேதான் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துச் சப்பினார்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலை வாய்க்கும் களத்துக்கும் புற்றுநோய் தரும் என்பதில் இன்று ஐயமில்லை. வலிகாமத்தில் ஒரு விவசாயிக்குக் களப் புற்றுநோய் வந்தால் அது கிணற்றால் வந்ததா, வெற்றிலைத் தட்டத்தால் வந்ததா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல, அவர் எந்தக் கிணற்றில் எத்தனை வருடம் குடித்தார், என்ன சப்பினார், எவ்வளவு காலம் சப்பினார் என்பதை நோய் வருமுன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நோய் வந்தபின் கேட்டால் நினைவு தான் பயந்த பக்கமே சாயும். நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 1985இல் வைத்தியசாலைகளுக்கு வந்தவர்களைக் கொண்டு தொடங்கியது. போர்க்காலத்தில் கொழும்பு மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக முடியாதவர், போகும் வழியில் அகப்பட்டவர், வீட்டிலேயே இறந்தவர் அதில் எப்படி வருவார்? மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட பதிவேடு முதலில் கொழும்பு மாவட்டத்தில்தான் 2012இல் ஆரம்பமானது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது பெரும் ஆறுதல். ஆனாலும் நோயாளியின் படுக்கையிலிருந்து அவருடைய கிணற்றுக்குப் போகும் பாதை இன்னும் போடப்படவில்லை.

அந்தப் பாதையைப் போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு வங்காளதேசம் பதில் சொல்கிறது. எங்களைவிட வறிய நாடாக இருந்தபோதே அதைச் செய்தார்கள். வயிற்றோட்டத்திலிருந்து குழந்தைகளைக் காப்பதற்காக 1970-களிலிருந்து அங்கே குழாய்க் கிணறுகள் இலட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. நிலத்தடியில் ஆர்சனிக் இருந்ததை அப்போது எவரும் சோதிக்கவில்லை. 1990-களில் விபரீதம் தெரிந்தபின், தலைநகருக்கு அண்மையிலுள்ள அராய்ஹசாரில் 2000ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் சுமார் 6,000 கிணறுகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். அவற்றில் குடித்த 11,000க்கும் மேற்பட்டோரைப் பெயர்பதிந்து, ஆண்டாண்டாகத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். எந்த அளவு ஆர்சனிக் எத்தனை உயிரைக் குடிக்கிறது என்று இன்று உலகம் அறிந்ததில் ஒரு பெரிய பங்கு அந்தக் கிராமத்தவர்களின் வழியாக வந்தது. அதே நாட்டின் மட்லப் பகுதியில் 1966 முதல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் விடாமல் பதியப்பட்டு வருகின்றன. 1971இன் போர்கூட அதை அழிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வளவு உண்டு, வளவுக்கு உரித்துக்காரர் உண்டு, உறுதி உண்டு. எந்தக் கிணற்றில் யார் குடிக்கிறார் என்று கண்டறிவது எங்களுக்கு மிக எளிது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம்.

சுன்னாகத்தில் அதற்கான விலையைக் கொடுத்தோம். 2014ஆம் ஆண்டளவில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது ஊரறிந்த செய்தியாயிற்று. 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறுகளைச் சோதித்து எண்ணெய் இருப்பதைச் சொன்னது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு மக்களின் அச்சத்தைத் தணிக்கும் விதமாக வேறு முடிவு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நின்ற குடும்பம், பிள்ளைக்குப் பால் கரைக்க எந்த நீரை எடுப்பது என்று தெரியாமல் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு காத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு வந்தது: மின் உற்பத்தி செய்த நிறுவனம் நிலத்தையும் நிலத்தடி நீரையும் மாசாக்கியது என்று கண்ட நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. சுற்றுச்சூழல் சட்டத்தில் அது மிக முக்கியமான தீர்ப்பு. அதற்காக உழைத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் ஆய்வின் கண்ணால் பார்த்தால் அந்த விவகாரம் முழுவதும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. எண்ணெய் தெரியுமுன் அந்தக் கிணறுகள் எப்படி இருந்தன என்பதற்குக் கிணறுவாரியான தொடர்ப் பதிவு இருந்திருந்தால் நிபுணர்கள் முரண்பட இடமே இருந்திராது. தீர்ப்புக்குப் பின்னும் ஒரு கேள்வி மிஞ்சியது: அந்த நீரைக் குடித்தவர்களின் ஈரலும் சிறுநீரகமும் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, குடித்தவர்களின் பெயர்ப் பட்டியலை அன்றே எடுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். 2022இல் நாடு வங்குரோத்தாகி, வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்ட நிலையைப் பார்த்த பிறகு, ஆய்வுக்குக் காசு கேட்பது அடுக்குமா? இருக்கிற காசில் மருந்து வாங்குவதுதானே அறம்? இந்த மறுப்பை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கியது. காசநோயாளியைச் சானற்றோரியத்தில் மாதக்கணக்கில் கிடத்தி, நல்ல உணவு கொடுத்து, ஓய்வில் வைத்தால்தான் குணமாகும் என்பது அக்கால வைத்திய வேதம். சென்னையின் நெருக்கமான குடிசைகளில், போதிய உணவின்றி, வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்கள் சானற்றோரியத்தில் இருந்தவர்களுக்குச் சமமாகக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்று 1959இல் அந்த ஆய்வு காட்டியது. அதன்பின் உலகம் முழுவதும் சானற்றோரியங்கள் மூடப்பட்டன. ஓர் ஏழை நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு மிச்சப்படுத்திய காசுக்கு அளவே இல்லை. காசு இல்லாத நாடுதான் எந்தச் செலவு வீண் என்று அறிய வேண்டிய நாடு. மறுபக்கத்தில், உலக ஆய்வுப் பணம் யாருக்காகச் செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அபிவிருத்திக்கான சுகாதார ஆய்வு ஆணைக்குழு 1990இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகளின் சுமையில் ஏறத்தாழ 93 வீதம் வளரும் நாடுகளின் தலையில் இருந்தது. அவற்றின் பிரச்சினைகளுக்காகச் செலவான ஆய்வுப் பணம் மொத்தத்தில் ஏறத்தாழ 5 வீதம். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எல்லா வகை ஆய்வுக்குமாகச் செலவிடுவது 0.1 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. பிறர் எங்கள் கிணற்றைப் பற்றிக் கவலைப்படுவார்கள் என்று காத்திருப்பதற்கு இந்தக் கணக்கில் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு நிர்வாகத் தரப்பிலிருந்து வரும். சிறிய நாடு இது. கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் தொற்றுநோயியல் பிரிவும் இருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி ஆய்வு எதற்கு? 2024 மார்கழி இதற்கு விடை சொன்னது. கார்த்திகை இறுதியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த கையோடு, வடமராட்சிப் பக்கம் காய்ச்சலோடு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மார்கழி நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு பேர். என்ன காய்ச்சல் என்று தெரியாத நாட்களில் ஊர் நடுங்கியது. மாதிரிகள் தெற்கே அனுப்பப்பட்டு, எலிக்காய்ச்சல் என்று உறுதியானபின்தான் வயலில் இறங்குவோருக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் வேலை பரவலாக நடந்தது. எலிக்காய்ச்சல் தெற்கில் பழகிய நோய். யாழ்ப்பாணத்தில் அதை எவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராத நோயை முதலில் காண்பவர் அந்த ஊரில் இருப்பவர்தான். அவர் கையில் ஆய்வுகூடமும் முந்திய வருடங்களின் கணக்கும் இருந்தால் நாட்கள் மிஞ்சும். இந்த நோயில் நாட்கள்தான் உயிர்.

உள்ளூரில் கண் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் யாழ்ப்பாணமே சான்று. டெங்கைப் பரப்பும் நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று பாடநூல்கள் எழுதின. பூச்சாடி, ரயர், சிரட்டை என்று தேடிக் கவிழ்க்கும் திட்டங்கள் அதை நம்பியே வகுக்கப்பட்டன. யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறைப் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் அவர்களோடு சேர்ந்தோரும், கடற்கரைக் குடியிருப்புகளின் உவர்நீரிலும், கைவிடப்பட்ட கிணறுகளிலும் படகுகளிலும் அந்த நுளம்பின் குடம்பிகள் வளர்வதைக் காட்டினார்கள். கடல் மட்டம் உயர்ந்து கிணறுகள் உவர்க்கும் காலத்தில் இது உலகத்துக்கே எச்சரிக்கை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த சில மாதங்களிலேயே, இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் பார்க்காவிட்டால் அதை யார் பார்ப்பது?

மனநல ஆய்வில் தொடர்ச்சியின்மை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் எஸ். சிவயோகனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டோரில் 64 வீதத்தினரிடம் போரின் உளசமூக விளைவுகள் காணப்பட்டன. மனவடுப் பிந்திய நெருக்கீடு 27 வீதத்தினரிடம் இருந்தது. மாதிரி நூறு பேருக்கும் குறைவு; குண்டு விழும் காலத்தில் அவ்வளவே சாத்தியம், அதைச் செய்ததே பெரிது. போர் முடிந்த 2009இல், ஆடி முதல் புரட்டாதி வரை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஃபரா ஹுசைனும் பிறரும் யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளில் ஆய்வு நடத்தினார்கள்: மனவடுப் பிந்திய நெருக்கீட்டு அறிகுறிகள் 7 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். அப்படியென்றால் நெருக்கீடு 27இலிருந்து 7க்குக் குறைந்ததா? சொல்லவே முடியாது. கருவி வேறு, மாதிரி வேறு, மக்கள் வேறு, கேட்டவர் வேறு. இடையில் பதினைந்து வருட இடைவெளி. கேட்ட இடமும் வேறு: 2009 ஆய்வில் இடம்பெயர்ந்தோர் முகாம்களும் அடங்கின. இராணுவம் காவல் நிற்கும் முகாமில் இருப்பவர் அந்நியர் ஒருவரிடம் எந்த அளவுக்கு மனம் திறப்பார் என்பதை எந்தப் புள்ளிவிபரமும் திருத்தித் தராது. மாதிரிக் கணிப்பீடு போதும், பதிவேடு எதற்கு என்போர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒவ்வொன்றும் தன்னளவில் நேர்மையான அளவு. ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு வரலாறு எழுத முடியாது.

கருவி என்றேன், அதற்குள் மொழியும் அடங்கும். 2009 ஆய்வு பயன்படுத்திய ஹொப்கின்ஸ் அறிகுறிப் பட்டியலும் ஹாவார்ட் மனவடு வினாக்கொத்தும் வேற்றுச் சூழலில் பிறந்தவை. எங்கள் தாய்மார் துயரத்தை நெஞ்சுப் பாரமாக, பெருமூச்சாக, கைகால் உளைவாக, நித்திரையின்மையாகச் சொல்வார்கள். சோமசுந்தரத்தின் எழுத்துகள் பெருமூச்சையே துயரத்தின் மொழியாக எடுத்து ஆராய்ந்தன. அதைக் கேட்கத் தெரியாத வினாக்கொத்து, இல்லாததை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் எழுதும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இந்த மண்ணில் ஒருவர் மொழியின் இந்த வலிமையைக் கண்டிருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1860-களிலிருந்து வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல் முதல் ‘கெமிஸ்தம்’ வரை தமிழில் நூல்களாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவார், தமிழில் படித்தவர் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பார் என்ற கணிப்பும் அதற்குப் பின்னால் இருந்தது. அவர் பயந்தது இன்றும் நடக்கிறது. 1978இல் தொடங்கிய யாழ் மருத்துவ பீடம் போரின் நடுவிலும் வைத்தியர்களை உருவாக்கியது. அவர்களில் எத்தனையோ பேர் இன்று இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். 1989 புரட்டாதியில் அதன் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு, ஏன் ஆய்வாளர்கள் இங்கே தங்கவில்லை என்று கேட்பது நியாயமல்ல. போனவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பதிவேடு தன்னைத் தொடங்கியவர் போனபின்னும் நிலைக்கும் விதமாக அமைய வேண்டும். ஒருவரின் கலாநிதிப் பட்டத்தோடு முடிகிற ஆய்வு அப்படி நிலைக்காது.

கடைசி மறுப்பு மக்களிடமிருந்து வருவது. எனக்கு மிகவும் கனமாகப் படுவதும் அதுதான். வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு சேதியுமில்லை என்பது போருக்குப் பிந்திய வடக்கில் ஊருக்கு ஊர் கேட்கும் பேச்சு. இழந்த பிள்ளையைப் பற்றி நான்காவது தடவை விசாரிக்கப்படும் தாய்க்கு ஆய்வு இன்னொரு துன்புறுத்தலாகத் தெரிந்தால் அது அவர் பிழையல்ல. தோட்டக்காரருக்கும் தன் அச்சம் உண்டு: என் கிணற்றில் நைத்திரேற்று என்று எழுதினால் என் வெங்காயத்தை யார் வாங்குவார், என் காணிக்கு யார் விலை சொல்வார்? இந்த இரண்டு அச்சங்களும் மெய்யானவை. பெறுபேறு மக்களிடம் திரும்பி வராமல் ஆங்கிலச் சஞ்சிகைகளுக்குள் போய் அடங்கும்போதுதான் இவை முற்றுகின்றன. நைத்திரேற்று கூடிய நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று குறையாது, நீர் வற்றச் செறிவு கூடும். இந்த ஒரு வரி ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருந்தால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு எந்த நீரில் பால் கரைப்பது என்ற கேள்விக்குத் தாயே விடை கண்டிருப்பார். ஒருமுறை வந்து போகும் ஆய்வுக்கு மக்களிடம் பொறுப்புச் சொல்லும் கட்டாயம் இல்லை. அடுத்த வருடமும் அதே படலையைத் தட்ட வேண்டிய ஆய்வுக்கு அது உண்டு. ஆய்வுச் சலிப்புக்கு மருந்து ஆய்வை நிறுத்துவதல்ல. நூறு தடவை வரும் அந்நியருக்குப் பதிலாக, ஊரறிந்த ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, போன வருடத்துப் பெறுபேற்றைக் கையில் கொடுத்துவிட்டு இந்த வருடக் கேள்வியைக் கேட்பதுதான்.

அந்த ஊரறிந்த ஆட்கள் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழியில், சுகாதார வைத்திய அதிகாரியின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மாதுவும் ஒவ்வொரு ஊருக்கும் உண்டு. குடும்பநல மாதுவின் பதிவேட்டில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெயர் பெயராக இருக்கிறார்கள். பரிசோதகருக்குக் கிணறும் மலசலகூடமும் தெரியும். கிராம உத்தியோகத்தரிடம் குடும்ப விபரம் இருக்கிறது. மூன்றும் மூன்று கந்தோர்களில் தனித்தனியாகக் கிடக்கின்றன. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டு, குழாய் நீர் மெல்ல மெல்ல வீடுகளுக்கு வருகிறது. கிணற்றை விட்டுக் குழாய்க்கு மாறும் குடும்பத்தின் உடல்நலத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு இந்தச் சில வருடங்களுக்குத்தான் உண்டு. எல்லோரும் மாறியபின் ஒப்பிட ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே யாழ் பல்கலைக்கழகத்தின் சமுதாய மருத்துவத் துறையையும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் நோக்கி என் வேண்டுகோள் இது: யாழ் மாவட்டத்தின் 435 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் வலிகாமத்தில் ஒன்று, வடமராட்சியில் ஒன்று, தென்மராட்சியில் ஒன்று, தீவகத்தில் ஒன்று என்று நான்கைத் தெரிந்தெடுங்கள். அங்குள்ள ஒவ்வொரு தலையையும் ஒவ்வொரு கிணற்றையும் அடுத்த மாரிக்கு முன் எண்ணி முடியுங்கள். முதல் வருடப் பெறுபேற்றைத் தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர்ச் சனசமூக நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கள். அதற்கடுத்த மாரிக்கு முன் அதே வீடுகளுக்கு மறுபடியும் போங்கள்.